அழுகை உட்பட

தங்கபுஷ்பத்தின் அழுகை அவளை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாற்போல் இருந்த லாட்ஜின் முதல் மாடியில், சென்னையிலிருந்து வந்திருந்த கம்பெனிக்காரர்கள் நீட்டிய ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி வைத்து, "அப்ப நான் வரட்டுங்களா" என்று அவள் எழுந்தபோதே அது கிளம்பிவிட்டது. போனது அவளுக்குத் தெரியாது. கூட இருந்த புருஷனுக்கும் தெரியாது. இரண்டு பேரும் கீழே இறங்கி வந்து, ஆளுக்கொரு சர்பத் குடித்துவிட்டு, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தங்கபுஷ்பம் யார் என்று அந்தப் பக்கத்தில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். திருவிழா நாடகங்களில் அவள் ஸ்திரீபார்ட். அதாவது ராணி வேஷம். அந்த நாடகங்களுக்குக் குழு என்று ஒன்று கிடையாது. ராஜா வேஷக்காரர் ஓர் ஊரிலிருந்து வருவார், ராணி ஓர் ஊரிலிருந்து வருவாள், சிரிக்க வைக்கிற பபூன் மூன்றாவது ஊரிலிருந்து வருவார், ஒத்திகையே பார்க்காமல் மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்தித்துக்கொள்வார்கள். இவர்களை இழுத்துக் கட்டுவது நோட்டீஸ் ஒன்றுதான். யார், என்ன வேஷம், என்ன பட்டம் என்று அதில் அச்சடித்திருந்தால் அது உனக்குச் சொந்தம். அச்சில் வராதது உனக்கில்லை. தங்கபுஷ்பத்தின் பெயருக்கு முன்னால் இருபத்தேழு வருஷமாக 'கண்ணீர்க்கடல்' என்று அச்சடித்து வந்தார்கள்.

அது சும்மா போட்ட பட்டமில்லை. மகனை வெள்ளம் கொண்டுபோன பிறகு ராணி ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிற காட்சி ஒன்று உண்டு. அந்தக் காட்சிக்காகவே ஜனங்கள் தங்கள் அழுகையைச் சேர்த்து வைத்திருந்தார்கள். தையில் செத்த அண்ணனுக்கு, பந்தல் போடவும் பந்தி பரிமாறவும் அலைந்ததில் அழ நேரமில்லாமல் போன தங்கச்சிகள், சிங்கப்பூரிலிருந்து லீவு கிடைக்காமல் அப்பனுக்குக் கொள்ளி வைக்க வராமல் போன மகன்கள், யாருக்கும் தெரியாமல் பிள்ளையைக் கலைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த பெண்கள், அத்தனை பேரும் துண்டும் முந்தானையுமாக வந்து உட்கார்ந்து, அவள் வாயைத் திறந்ததும் தாங்களும் திறந்து, விடியும்போது முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். அவள் அழுகிறபோது ஆர்மோனியக்காரர் வெள்ளைச்சாமி வாசிக்க மாட்டார். ஒரே கட்டையில் விரலை வைத்து, சுதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அவர்தான் அவள் புருஷன்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். அதற்கு முந்தின மூன்று நாளும் கம்பெனிக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் விளக்குப் போட்டு அவள் நாடகத்தை முழுசாகப் படம் பிடித்துவிட்டார்கள். உலகம் பூராவும் போனிலேயே பார்க்கும் என்றார்கள். இத்தனை வருஷம் நின்று நின்று முழங்கால் இற்றுப்போயிருந்தவளுக்கு அந்த வார்த்தை இனித்தது. கம்பெனி வக்கீல் ஒப்பந்தத்தை வாசித்துக்கொண்டே வந்தார்: இவ்வுலகம் முழுவதிலும், இப்போது உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லாச் சாதனங்களிலும், காலவரம்பு ஏதுமின்றி, மேற்படி நடிகையின் வசனம், பாட்டு, நடை, உடை, சிரிப்பு, இன்ன பிற...

"நில்லுங்க," என்றாள் தங்கபுஷ்பம். "இன்ன பிறன்னா என்னங்க?"

"மீதி எல்லாம் அதுல அடங்கிடும்மா."

"அழுகை?"

"அதுவும் அதுலதான்."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, சிரிப்பத் தனியாப் போடுறீங்க, நடையத் தனியாப் போடுறீங்க, என் அழுகை மட்டும் இன்ன பிறவா? திருமயம் பக்கம் ஒரு ஊர்ல நோட்டீஸுல என்னைய 'மற்றும் பலர்'ல சேத்துட்டானுங்க. வந்த பஸ்ஸுலயே திரும்பி ஏறிட்டேன், தெரியுமா? என் அழுகையத் தனியாப் போடுங்க. கொட்டை எழுத்துல போடுங்க."

வெள்ளைச்சாமி மெதுவாக, "புஷ்பம், எதுக்கும் ஒரு தடவ வீட்டுக்குக் கொண்டுபோயி..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. ஒங்க ஆர்மோனியத்த நோட்டீஸுல விட்டா ஒத்துக்குவீங்களா?"

வக்கீல் சிரித்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. கேட்டதைக் கொடுத்தார், அவ்வளவுதான். இன்ன பிற என்பதற்கு முன்னால் கையாலேயே 'அழுகை உட்பட' என்று பெரிதாக எழுதினார். அதற்குப் பக்கத்தில் அவள் தனியாக ஒரு கையெழுத்தும் போட்டாள். அடி ஆத்தி, அந்த ஒரு கையெழுத்தைப் போடாமல் விட்டிருந்தால் இன்ன பிறவைப் பிடித்துக்கொண்டு எந்தக் கோர்ட்டிலாவது வாதாடியிருக்கலாம் என்று பிற்பாடு சொன்னார்கள்.

மறுநாள் சின்ன வெங்காயம் உரிக்கும்போது கண் எரியவில்லை. நல்ல வெங்காயம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாரக் கடைசியில் இலுப்பூர்ப் பக்கம் ஒரு நாடகத்தில், ஆற்றங்கரையில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மூச்சை இழுத்து வாயைத் திறந்தவளுக்கு ஒன்றுமே வரவில்லை. தொண்டை கட்டவில்லை, பேச்சு வருகிறது, பாட்டு வருகிறது. அழுகை இருந்த இடத்தில் மட்டும் கூட்டிப் பெருக்கி வைத்த மாதிரி இருந்தது. வெள்ளைச்சாமி சுதியைப் பிடித்தபடியே காத்திருந்தார். ஜனங்களும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் பபூன் சிங்காரவேலு ஓடிவந்து தடுக்கி விழுந்து சமாளித்தார். காலையில் ஊர்ப் பெரியவர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. "ஆத்தாவுக்கு ஒடம்பு சுகமில்லையாக்கும்" என்று இளநீர் வெட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

அவள் கண் டாக்டரிடம் போனாள், தொண்டை டாக்டரிடம் போனாள், குலதெய்வத்திடமும் போனாள். உள்ளது உள்ளபடி சொன்னவர் சிங்காரவேலுதான். முகத்தில் அரிதாரம் இல்லாவிட்டாலும் சிரிப்பு வருகிற மாதிரியான மூஞ்சி அவருக்கு, அந்த மூஞ்சியோடு ஒப்பந்தத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "அக்கா, இது நோவு இல்ல. ஒன் அழுகை இப்ப கம்பெனியோடது. அவங்களக் கேக்காம ஒனக்கு வராது" என்றார். ஊரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆச்சரியப்பட்டவர்கள் யாரும் இல்லை. எழுதிக் கொடுத்த தோப்பில் தேங்காய் பொறுக்க முடியுமா என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

வேலை என்றால், அதற்குத் தக்க மாதிரி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார்கள். தேதி கேட்க வருகிறவர்கள், "அழுகை இல்லாமத்தானே? அதனாலென்ன" என்றார்கள். நோட்டீஸில் 'கண்ணீர்க்கடல் தங்கபுஷ்பம் (அழுகை நீங்கலாக)' என்று அச்சடித்தார்கள். ஆற்றங்கரைக் காட்சியில் ராணி மயங்கி விழுந்தாள்; அவள் விழுந்த பிறகு முன்வரிசைப் பெண்கள் யாராவது தாங்களே தொடங்கி அழுது பார்த்தார்கள், அது சேராமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. ஓர் ஊரில் போனில் அவள் அழுகையைப் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கம்பெனியிடமிருந்து பதினைந்தாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்புறம் யாரும் வைக்கவில்லை.

ஆனால் அழுகை சும்மா இருக்கவில்லை, ஊர் ஊராகப் போனது. தொடர் நாடகங்களில் வேறு வேறு பெண்கள் வாயசைக்க அவள் அழுகை கேட்டது. இன்சூரன்ஸ் விளம்பரத்தில் கேட்டது. கோலாலம்பூரில் மளிகைக் கடையில் கேட்டதாக ஒருத்தி வந்து சொன்னாள். எங்கே கேட்டாலும், தன் வீட்டுக் குடத்தை யாரோ எடுத்துப் புழங்குகிற மாதிரி தங்கபுஷ்பத்துக்கு நெஞ்சுக்குள் ஒரு சத்தம் கேட்கும்.

ஆடி மாதம் ஒரு பகலில் வெள்ளைச்சாமி டீக்கடையில் டம்ளரைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. பெஞ்சில் சாய்ந்த மனுஷர் சாய்ந்தவர்தான்.

வீட்டு வாசலில் கிடத்தினார்கள். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். தங்கபுஷ்பம் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உள்ளே என்னென்னமோ நடந்தது, அதை அவளால் சொல்ல முடியவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பியது, நெஞ்சுவரை வந்தது, அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு, தெருவிலுள்ள பாதிப் பேருக்கு மதினி முறை, அவள் தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். "அழுதுரு புஷ்பம், அழுதுரு, இல்லாட்டி நெஞ்சு வெடிச்சுப் போகும்டி." புருஷன் வகைச் சொந்தக்காரர்கள், விஷயம் தெரிந்தவர்களே, "என்ன இருந்தாலும் ஒரு சொட்டுமா வராது" என்று முணுமுணுத்தார்கள்.

திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்த மகள் மரகதம் வந்து சேர்ந்தாள். ஒரே பிள்ளை, அப்பா செல்லம். வந்தவள் காலடியில் விழுந்து புரளுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் சுவரோரம் போய் நின்றுகொண்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கண்ணும் காய்ந்தே கிடந்தது. அம்மா மேல் அத்தனை ஆத்திரம் என்று பேசிக்கொண்டார்கள். தங்கபுஷ்பமும் அப்படித்தான் நினைத்தாள்.

நல்ல மனசுக்காரர் யாரோ ஒருவர், பெயரைச் சொல்ல வேண்டாம், போனை எடுத்துத் தங்கபுஷ்பத்தின் அழுகையைப் போட்டு அவள் பக்கத்திலேயே வைத்தார். முதலில் ஒரு பெண் பல்பசையைப் பற்றிப் பேசினாள். அப்புறம் கம்பெனியின் மணிச் சத்தம். அப்புறம் அவள் அழுகை, கல்யாண மண்டபத்தில் அழுதது, பின்னால் ஒரு கட்டையில் சுதி. சுதியைப் பிடித்துக்கொண்டிருந்த விரல் அவள் கையில் குளிர்ந்து கிடந்தது. பெண்களெல்லாம் ஓவென்று கூடச் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள்.

"நிறுத்துங்க," என்றாள் தங்கபுஷ்பம். "அது வேஷத்துக்கு அழுதது. இவருக்கு அழுதது இல்ல."

காரியம் முடிந்ததும் மரகதம் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போனாள்.

அன்றைக்குத் தங்கபுஷ்பம் ஒரு முடிவுக்கு வந்தாள். தன் புருஷனுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அழ வேண்டும். நாடகம் வேண்டாம், பட்டம் வேண்டாம், கம்பெனி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளட்டும். அவருக்கு உண்டானதை மட்டும் கொடுக்கட்டும். உள்ளூர் வக்கீல் அம்பலவாணனிடம் போனாள். நாடகம் பார்த்து அழுது பழகியவர், அதனால் உண்மையைச் சொன்னார்: "கேஸ் போடலாம்மா. நாம ரெண்டு பேரும் போனப்பறம் தீர்ப்பு வரும். அதவிட அவங்ககிட்டயே அனுமதி கேளுங்க."

சிங்காரவேலுவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போனாள். பதினோராவது மாடி, கண்ணாடிச் சுவர், குளுகுளுவென்று இருந்தது. அபர்ணா என்று ஒரு பெண் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், எங்கம்மா தவறினப்ப உங்க அழுகையைப் போட்டுத்தான் நான் அழுதேன்" என்றாள். அது நிஜம்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்புறம் ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள்.

"பயன்பாட்டின் நோக்கம்?"

"எங்க வீட்டுக்காரருக்கு அழணும்."

"வணிக நோக்கமா, வணிகமற்றதா?"

தங்கபுஷ்பம் சிங்காரவேலுவைப் பார்த்தாள். வணிகமற்றது என்று அவர் சொன்னார்.

"பார்வையாளர் எத்தனை பேர் மேடம்?"

"ஒரு ஆளு. அவரும் இப்ப இல்ல."

அபர்ணா பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "என்னால முடிஞ்சதப் பண்றேன் மேடம். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கன்னு மேலிடத்துல பயப்படுவாங்க" என்றாள்.

எட்டு மாதம் கழித்து ரெஜிஸ்டர் தபாலில் அனுமதிக் கடிதம் வந்தது. ஒரே தடவை. நாலு நிமிடத்துக்கு மிகாமல். ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவர்களில் ஒருவர் மட்டும். தேதி, நேரம், பயன்படுத்துபவர் பெயர், நோக்கம், இந்த நாலையும் நிரப்பி, தங்கபுஷ்பம் கையெழுத்திட்ட நொடியிலிருந்து செல்லும். அதன் பிறகு இதுபோன்ற விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா.

வெள்ளைச்சாமியின் முதல் வருஷத் திதிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அன்றைக்கு அழுவது என்று முடிவானது. விஷயம் கசிந்தது பாருங்கள், ஜில்லாவே ஆயத்தமானது. பதினெட்டுப்பட்டியிலிருந்தும் ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். "தாயி, எங்கப்பனுக்குச் சேத்து ரெண்டு சொட்டு விடுவியா?" "என் மவன் பைக்குல போயிட்டான் தாயி, ஒரு அரை நிமிசம்." அவள் கல் மாதிரி இருந்தாள். "இது அவருக்கு மட்டும்தான். யாரும் கேக்காதீங்க, என்னைய நோகடிக்காதீங்க" என்றாள். சரி, கூட உட்கார்ந்து நாங்கள் அழுதுகொள்கிறோம், அதற்கு யாரும் தடை போட முடியாதே என்று ஜனங்கள் திதி நாளுக்கு வேன் பேசி வைத்தார்கள். நாலு நிமிடத்தைப் பிடித்துச் சொல்ல சிங்காரவேலு ஒரு கடிகாரம் ஏற்பாடு செய்தார். தங்கபுஷ்பம் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த நாலு நிமிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள்: முதல் நிமிடம் பெண் பார்க்க வந்த அன்றைக்கு வெறும் தண்ணியைக் குடித்துவிட்டுக் காபி நன்றாக இருக்கிறது என்றாரே அதற்கு, இரண்டாவது, நாடகம் முடிந்து வந்து தான் அசந்து கிடந்த காலையெல்லாம் மகளுக்குப் பின்னல் போட்டுவிட்டாரே அதற்கு, மூன்றாவது, லாட்ஜில் எதையோ சொல்ல வந்தவரை வாயை அடைத்தோமே, அதற்கு, நாலாவது, அவர் போனதற்கு.

திதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மரகதம் வந்து இறங்கினாள். நிறை மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மாமியார் பிடிவாதமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். இரண்டு நாள் ஒரே வீட்டுக்குள் சாப்பிடுறியா, குளிக்கிறியா என்பதற்கு மேல் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை, அம்மா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது, மரகதம் திரும்பாமலேயே கேட்டாள்.

"அம்மா, அந்தக் கடுதாசில எனக்கும் கொஞ்சம் குடுப்பியா?"

"ஒனக்கெதுக்குடி? நீ நெனச்சா அழுவ."

"வரலம்மா. அப்பாவக் கெடத்தியிருந்தப்ப சொவரோரமா நின்னேன்ல, அப்பயே வரல. ஒரு சொட்டு வரல. ஒன் மூஞ்சியப் பாத்தா வருமான்னு பாத்தேன். பெத்த அப்பனுக்கு அழாதவ எப்படிப்பட்டவன்னு என் மேலயே எனக்குப் பயமாப் போச்சும்மா. அதான் ஒங்கிட்டப் பேசாமப் போயிட்டேன்."

தங்கபுஷ்பத்தின் கை எண்ணெயோடு அப்படியே நின்றது. ஒரு வருஷம்! ஒரு வருஷமாக மகள் தன்னை வெறுக்கிறாள் என்று இவள் இங்கே கிடக்க, தன்னையே வெறுத்துக்கொண்டு மகள் அங்கே கிடந்திருக்கிறாள். மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வேறென்ன செய்வது, இரண்டு பேருக்கும் அவ்வளவுதான் முடிந்தது.

அப்புறம்தான், மகளுக்கும் ஏன் வரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அன்றைக்கே வக்கீல் அம்பலவாணனை வீட்டுக்கு வரவழைத்தாள். சிங்காரவேலுவும் வந்தார், சின்னக்கண்ணு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்பலவாணன் ஒப்பந்தத்தைத் திருப்பித் திருப்பி, கடைசிப் பக்கத்துக்கு வந்து, பொடி எழுத்தில் விரலை வைத்து வாசித்தார்: "நானும் என் வாரிசுகளும் மேற்கண்டவற்றுக்கு முழுமையாகக் கட்டுப்படுகிறோம்." எல்லா ஒப்பந்தத்திலும் வருகிற வரிதான், பழக்கத்தில் தாண்டிப் போய்விட்டேன் என்றார்.

"அப்ப இவளும்தானா?"

"இவங்களும்தாம்மா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டவில்லை. "வயித்துல இருக்குற பிள்ளையும் சட்டப்படி வாரிசுதான்."

அவர் சொன்னதன் அர்த்தம் முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. ஐந்து பெற்ற சின்னக்கண்ணுவுக்குத்தான் பிடிபட்டது. "அப்ப," என்றாள் அவள், "பொறக்கையில?"

பிறந்த பிள்ளை அழாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்குத் தெரியாது? மரகதம் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

திதி நாளன்று வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். தங்கபுஷ்பம் வாசலுக்கு வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, இன்றைக்கு அழுகை இல்லை என்றாள். சிலருக்குக் கோபம், வேனுக்கு யார் பதில் சொல்வது என்று கத்தினார்கள். சின்னக்கண்ணு இறங்கிப் போய் ஒவ்வொரு வேனாக விஷயத்தைச் சொன்னாள். அப்புறம் யாரும் கத்தவில்லை. பைக்கில் மகனைப் பறிகொடுத்த அந்த மனுஷி மட்டும் வீட்டுக்குள் வந்து, மரகதத்தின் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லபடியாப் பெத்துப் பொழை தாயி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லோரும் போன பிறகு தங்கபுஷ்பம் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். இலையில் வைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க," என்றாள். "ஒங்களுக்குன்னுதான் வாங்கினேன். பதினோரு மாடி ஏறி வாங்கினேன். ஒங்களுக்கு அழாமயே போயிருவேன் போலருக்கு. என்னைய மன்னிச்சிருங்க."

நெஞ்சு வரைக்கும் வந்தது, வழக்கம்போல அங்கேயே நின்றது. எழுந்து போய் இலையை எடுத்துக் காக்கைக்கு வைத்தாள்.

நாலாம் நாள் காலை மரகதத்துக்கு வலி கண்டது. பெரியாஸ்பத்திரிப் பிரசவ வார்டில் சேர்த்தார்கள். தங்கபுஷ்பம் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் சிங்காரவேலு, ஒரு பக்கம் சின்னக்கண்ணு. உள்ளே மற்றப் பெண்கள் கத்துவது கேட்டது. மரகதம் கத்தவில்லை, பல்லைக் கடிப்பது மட்டும்தான் அவளால் ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். தேதியை முதலிலேயே எழுதிவிட்டாள். நேரத்தை எழுதவில்லை. முந்தினால் நாலு நிமிடமும் வீணாகும், பிந்தினால் பிள்ளை மிஞ்சாது.

இரண்டு மணி தாண்டியதும் கதவு திறந்து நர்சம்மா ஓடி வந்தார். அவருக்கு முன்கூட்டியே எல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். "பொண்ணு! அழல, இன்னும் அழல, சீக்கிரம் போடுங்கம்மா!"

நேரம் எழுதினாள். பயன்படுத்துபவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிறந்து ஒரு நிமிடம்கூட ஆகாத பிள்ளைக்கு ஏது பெயர்! "ஏதாச்சும் எழுதுக்கா, ஏதாச்சும்!" என்று சிங்காரவேலு கெஞ்சினார். 'வெள்ளைச்சாமி பேத்தி' என்று எழுதினாள். நோக்கம் என்ற இடத்தில் 'மூச்சு விட' என்று எழுதினாள். கையெழுத்தைப் போட்டாள்.

உள்ளே பிள்ளை அழுதது.

அந்த வராந்தாவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த அழுகையை அவர்களுக்குத் தெரியும். இலுப்பூரில் கேட்டிருக்கிறார்கள், திருமயத்தில் கேட்டிருக்கிறார்கள், போனில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள். இப்போது அது பச்சைத் தொண்டையில், ராணியும் இல்லாமல் ஆறும் இல்லாமல், தன் பாட்டுக்குக் கிளம்பி வந்தது. மருந்துச் சீட்டோடு போனவர்கள் நின்றார்கள், சோற்றுப் பாத்திரத்தோடு வந்தவர்கள் நின்றார்கள், நின்ற இடத்திலேயே அவரவர் ஆளை நினைத்து அழுதார்கள். சின்னக்கண்ணு சுவரில் சாய்ந்து தேம்பினாள். சிங்காரவேலு கடிகாரத்தைப் பையில் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். தங்கபுஷ்பம் ஒருத்திதான் காய்ந்த கண்ணோடு, கதவில் காதை வைத்து, ஒரு மூச்சைக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு நிமிடம் ஆனதும் அழுகை நின்றது. பாதியில், வாய் திறந்தபடியே நின்ற மாதிரி இருந்தது.

"நல்லாருக்கா, மூச்சு நல்லா விடுறா" என்று நர்சம்மா கூப்பிட்டார். தங்கபுஷ்பம் உள்ளே போனாள். மரகதம் பிள்ளையை மார்பின் மேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பிள்ளை விழித்துக்கொண்டிருந்தது. உதடு சுழித்தது, முகம் சிவந்தது, வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"மரகதம், எந்திரி. பாலக் குடு, அதுக்குப் பசிக்குது."

"தூங்கட்டும்மா, சும்மாத்தானே கெடக்கு."

"சும்மா இல்லடி, வாயப் பாரு." தங்கபுஷ்பம் தலையணையை நிமிர்த்தி வைத்து, மகளைத் தூக்கி உட்கார வைத்து, பிள்ளையின் வாயை மார்பில் சேர்த்துப் பிடித்தாள். "இனிமே இது அழுது கேக்காது. நாமதான் ஆளு மாத்தி ஆளு பாத்துக்கிட்டே இருக்கணும்."